பின்னாலிருந்து தள்ளியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் நோயன்மார்க்ட்-விர்ஸ்பெர்க் ரயில் சந்திப்பின் வரலாற்றை ஒருவழியாகத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். பாய்ராய்ட்டுக்குப் படிக்க வந்த நான், நீராவி இன்ஜின் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இறங்கினேன். சின்ன ஊர். இங்கே எதற்கு இவ்வளவு பெரிய இன்ஜின் கொட்டகை என்று கேட்டதுதான் ஆரம்பம்.

இப்போது நீராவி இன்ஜின் அருங்காட்சியகமாக இருக்கும் அந்தக் கொட்டகையில் அதற்குப் பதில் சொன்ன பெரியவருக்கு முதல் நன்றி. என்னை வாசலுக்கு அழைத்துப்போய் மலையைக் காட்டினீர்கள். இங்கிருந்து மார்க்ட்ஷோர்காஸ்ட் வரை ஏழு கிலோமீட்டருக்கும் குறைவுதான். அதற்குள் சுமார் 158 மீட்டர் ஏறவேண்டும். 1848 நவம்பரில் திறந்த அந்தச் சரிவுப் பாதையில், நீராவிக் காலத்தில் கனமான வண்டிகளால் தனியாக ஏற முடியவில்லை. இங்கே நிறுத்தி, பின்னால் இன்னொரு இன்ஜினை வைத்துத் தள்ளவேண்டியிருந்தது. தள்ளிய இன்ஜின் திரும்பி வந்து அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். அதற்குக் கரி, தண்ணீர், கொட்டகை, ஆட்கள். ஊர் வளர்ந்த கதையே இதுதான்.

பாய்ராய்ட்டுக்குப் பிரியும் கிளை ரயில் பாதையால்தான் எல்லாம் வந்தது என்று முதலில் எழுதியிருந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே திருத்தினீர்கள். முதன்மைப் பாதை பாய்ராய்ட்டை விட்டுவிட்டுப் போக, அந்த நகரமே பணம் போட்டுக் கிளைப் பாதை அமைத்தது 1853-இல்தான். ‘வகை 10’ என்ற பெயரில் இரண்டே இரண்டு கட்டப்பட்ட நீராவி இன்ஜின்களில் மிஞ்சிய ஒன்றின் பக்கத்தில் நின்று இதைக் கேட்டேன். 1977-இல் அந்தக் கொட்டகையை அருங்காட்சியகமாக்கியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பழைய ஜெர்மன் கையெழுத்தை எனக்குப் படித்துச் சொன்ன பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நன்றி. எனக்கு அது எறும்பு ஊர்ந்த தடம் மாதிரிதான் இருந்தது. மழையில் சரிவோரப் பாதை முழுக்க என்னோடு நடந்த நண்பனுக்கு, அப்புறம் அவன் நனைத்துக்கொண்ட சப்பாத்துக்கும்.

மெய்ப்புப் பார்த்த அக்கா, ‘உந்துபொறி’ வேண்டாம், ‘தள்ளு இன்ஜின்’ போதும் என்று நீங்கள் பிடித்த பிடிவாதம் சரிதான். மாற்றிவிட்டேன்.

பெரியவரே, உங்கள் ஊர்ப் பெயர் எங்கள் எழுத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே, முதல் படியின் அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறேன். வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.