கட்டு அவிழும் ஜிக்குகள் பற்றி மகேந்திரனுக்கு

நோர்வூட்,
மாசி மாதம்

அன்புள்ள மச்சான் மகேந்திரனுக்கு,

உன் பார்சல் வந்தது. பனங்கட்டி என்று நினைத்து இவள் ஆசையாகப் பிரித்தாள். உள்ளே இறகு உதிர்ந்த ஜிக்குகள், ஈயத்தலை வைத்து இறகு கட்டிய உன் தூண்டில் முள்கள்! அடுத்த தடவை இரண்டையும் சேர்த்து அனுப்பு, எனக்கு வீட்டில் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

பேத்தி பிறந்த சேதி கேட்டு ரொம்ப சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மட்டும் காலையில் சண்டை பிடிக்கிறது. வெயில் ஏறினால் சரியாகிவிடும். சிவனொளிபாத மலை சீசன் நடப்பதால் நல்லதண்ணிப் பக்கம் ராத்திரியெல்லாம் பஸ் ஓடுகிறது. மழை இல்லாமல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. 1969இல் அணை கட்டி முடித்தபோது தண்ணிக்குள் போன பழைய மஸ்கெலியா டவுனின் கோயில் இப்போது வெளியே தெரிகிறது. நீங்கள் 77 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போகுமுன் ஒரு வறட்சிக்கு அங்கே நடந்து போய்ப் பார்த்தோமே, அதே கோயில்தான். பார்க்க வருகிற சனத்தோடு தூண்டிலும் கையுமாகப் பொடியன்கள் ஒரு கூட்டம். பழைய அத்திவாரக் கல்லில் முள் மாட்டி ஜிக்கைத் தொலைப்பதில் அவர்களுக்கு என்ன இன்பமோ.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். "என்ன பசை போட்டாலும் நூல் நிற்குதில்லை, நல்ல பசை ஒன்று சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பியதையெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நகத்தால் நெருடிப் பார்த்தேன். குற்றம் பசைமேல் இல்லை.

அநேகமானவற்றில் கட்டு அவிழவே இல்லை. முழுக் கட்டும் முள்ளின் தண்டைச் சுற்றி மோதிரம் போலச் சுழல்கிறது. சுழன்று சுழன்று இறகு ஒவ்வொன்றாக நழுவியிருக்கிறது. மேலே நீ ஊற்றிய சுப்பர் குளூ கண்ணாடி மாதிரிக் காய்ந்து நூலோடு நூலை நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. இரும்பை அது தொடவே இல்லை. இறகைத் தண்டின் மேல் நேராக வைத்துக் கட்டத் தொடங்கியிருக்கிறாய், அங்கேதான் கோளாறு. புது முள்ளில் எண்ணெய்ப் பசை இருக்கும், அதைத் துணியால் துடைத்துவிடு. பிறகு வெறும் தண்டில், ஈயத்தலையின் கழுத்திலிருந்து முள் வளையத் தொடங்குகிற இடம் வரைக்கும், நூலை நெருக்கமாகச் சுற்று. முதல் சில சுற்று நூலின் நுனிமேலேயே ஏறட்டும், அது தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். அந்த அடிச்சுற்றில் சுப்பர் குளூவை ஊசி முனையால் தொட்டு வை. மெல்லிய பசையை நூல் தானாக உறிஞ்சி இரும்புவரை கொண்டுபோகும். இறகெல்லாம் அதன் மேல்தான். நூல்மேல் நூல் இறுகும், வழுக்கிற இரும்புமேல் இறுகாது.

நீ பிடிக்கிற நூலும் எனக்குச் சரியாகப் படவில்லை. செருப்புத் தைக்கிற நைலோன்தானே அது? பலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இழுத்துக் கட்டும்போது நீண்டு கொடுத்து நன்றாகக் கவ்வவும் செய்யும். ஆனால் நைலோன் ஈரம் குடிக்கும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் நூற்றுக்கு 4 பங்கு வரை ஈரம் வைத்திருக்கும். பொலியெஸ்டர் வைத்திருப்பது 0.4தான். குளத்தில் ஊறினால் இன்னும் கூடும். ஊறிய நைலோன் இன்னும் கொஞ்சம் நீளும், வீட்டில் இறுக்கமாக இருந்த கட்டு தண்ணிக்குள் தளரும். தையற்காரர் பாவிக்கும் சாதாரணப் பொலியெஸ்டர் நூல் போதும். குட்டை இழைகளை முறுக்கிச் செய்வதால் அதில் மெல்லிய மயிர் சிலிர்த்து நிற்கும். அந்த மயிர்தான் பசையையும் இறகையும் பிடித்து வைக்கிறது. பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் உளுத்துவிடும்.

உன் இரணைமடுக் குளத்து விரால் கடித்த இரண்டொன்று வேறு கதை. அதில் முடிச்சு அப்படியே இருக்கிறது, நடுவில் நூல் பல்லுப்பட்டு அறுந்திருக்கிறது. அதற்கு மிச்சமான பிரெய்ட் லைன் (பின்னிய தூண்டில் நூல்) இருந்தால் கட்டிப் பார். அது பொலிஎதிலீன் இழை, லேசில் அறுபடாது. ஆனால் வழவழப்பு அதிகம், பசையும் அதில் சரியாக ஒட்டாது. மெழுகு தேய்த்துக் கட்டு, முடிச்சைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீ எல்லாவற்றையும் ஒரேயொரு சாதாரணக் கண்ணி முடிச்சில் முடித்திருக்கிறாய். அது போடச் சுலபம், கழன்று போவதும் சுலபம். கடைசி ஆறேழு சுற்றுக்கு முன்னால் தங்கூசியை (தூண்டில் நரம்பை) இரண்டாக மடித்து, மடிப்பு முள்ளின் கண் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி தண்டோடு சேர்த்து வை. அதன் மேல் நூலைக் கண் பக்கமாகவே இறுக்கிச் சுற்று. சுற்றி முடிந்ததும் நூலை வெட்டி, அந்த நுனியைத் தங்கூசியின் வளையத்துக்குள் விடு. பின்பக்கம் நிற்கிற இரண்டு தங்கூசி நுனிகளையும் சேர்த்துப் பிடித்து இழு. நூல் நுனி தன் சுற்றுகளுக்கு அடியில் நுழைந்து பின்னால் வெளியே வரும். அதைப் பிடித்து இறுக்கி, ஒட்ட வெட்டிவிடு. தூண்டில் தடியில் வளையம் கட்டுகிறவர்களும் இப்படித்தான் முடிப்பார்கள். நுனி எங்கேயும் தெரியாததால் மீனின் பல்லுக்கோ கல்லுக்கோ பிடி கிடைக்காது. இதை ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தடவை போடுகிறேன். பசையே இல்லாமல் தண்ணிக்குள் விடலாம் என்கிற நிலையில் முடிச்சு இருந்தால்தான் பசைப் போத்தலைத் திறப்பேன்.

பசை பற்றிய உன் சந்தேகத்துக்கு ஊர்தான் காரணம் என்று நினைக்கிறேன். சுப்பர் குளூ இறுகுவதே காற்றிலுள்ள ஈரத்தால். இங்கே பனி மூட்டத்தில் தொட்டதும் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் அதிகமானால் பக்கத்து ஈயத்தில் வெள்ளைப் புகை படியும். உன் பக்கத்து வறண்ட கச்சான் காற்றில் அதற்கு ஈரம் போதாது, கொஞ்சம் காத்திரு. அவசரப்பட்டு இன்னும் இரண்டு சொட்டு ஊற்றாதே. தடிப்பாகப் போட்டால் உள்ளே இறுகாமல் நிற்கும், இறுகினாலும் கண்ணாடி மாதிரி நொறுங்கும். நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸ் நேர்மாறு. அது தன் திரவம் ஆவியாகித்தான் காய்கிறது. எனக்கு இரவு முழுக்க அடுப்பங்கரையில் தொங்கவிட வேண்டும். உனக்குச் சீக்கிரம் காயும், ஆனால் போத்தலிலேயே தடித்துப்போகும். தடித்ததை அடிப்பூச்சாகப் போடாதே, நூலுக்குள் இறங்காமல் மேலே தோல் மாதிரி நிற்கும். மெல்லியதை முதலில், அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. என் கட்சி எதுவென்றால், அடிச்சுற்றுக்குச் சுப்பர் குளூ, வெளியே தெரிகிற முடிச்சுக்கு நிறமில்லாத கியூடெக்ஸ். அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கல்லில் பட்டாலும் செதிளாக உதிராது.

காயவைக்கும்போது ஈயத்தலை கீழே, இறகு மேலே இருக்கும்படி தொங்கவிடு. மறுபக்கம் விட்டால் பசை இறகுக்குள் இறங்கி அதை விறைக்க வைத்துவிடும். விறைத்த இறகு தண்ணிக்குள் அசையாது. அசையாத ஜிக்கை மீன் ஏன் பார்க்கப்போகிறது?

இறகு விஷயத்தில் உன் தெரிவு எனக்குப் பிடித்தது. சேவல் கழுத்து இறகும் அடியிலுள்ள பஞ்சுப் பூவும் எங்கள் காசல்ரீ நீர்த்தேக்கத்துத் திலாப்பியாவுக்கும் எடுபடும். ஒரேயடியாகக் கற்றை வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வை, அடிக்காம்பைச் சரிவாக வெட்டு. காம்பு மேடு தட்டினால் அதன்மேல் ஏறும் நூல் சரிந்து விழும்.

பார்சலில் நானே கட்டிய சிலவும், ஹட்டனில் வாங்கிய தையல் நூல் கறுப்பும் சிவப்பும் வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய ஈயத்தலைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. நூலைப் பிளேடால் கீறி எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கிற பசையை அசெற்றோனில் ஊறப்போட்டுக் கழற்றியிருக்கிறேன். அதே முள்ளில் திரும்பக் கட்டு. ஈயத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் பேத்தியைத் தூக்கு.

ஏப்ரல் லீவுக்கு வருவதாக இருந்தால் மழை பிடிப்பதற்குள் வா. கோயில் வரை என் முழங்கால் வருமா தெரியாது, கரை வரைக்கும் வரும். வரும் திகதியை முன்கூட்டியே சொன்னால் ஹட்டன் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
சந்திரன்