குளவி இருக்கிறது, மீன்தான் செத்தது: மருந்தடிப்பு பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கொளத்தூர், சென்னை – 99.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம், சென்னை.

பொருள்: குளவிக் கூடு அகற்றும் பணியில் கவனக்குறைவு, இழப்பீடு கோருதல்.

ஐயா,

எங்கள் மொட்டை மாடித் தண்ணீர் டேங்குக்கு அடியில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று போனில் சொல்லி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். உங்கள் ஆள் வந்தார், மருந்து அடித்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூடு இன்னும் தொங்குகிறது. செத்தது என் மீன்கள்.

கொளத்தூரில் வீட்டுக்கு வீடு வண்ண மீன் வளர்ப்பது நீங்கள் அறியாததல்ல. எங்கள் மாடியிலும் சிமெண்ட் தொட்டிகளில் கப்பி, மோலி; பாட்டில்களில் ஃபைட்டர். குளவிகள் தண்ணீர் குடிக்க வருவதே அந்தத் தொட்டிகளுக்குத்தான். பதிவு செய்யும்போதே இதைச் சொன்னேன். வந்தவரிடம் மறுபடி சொன்னதற்கு, "ஒண்ணும் ஆகாது சார், இது ஹெர்பல்" என்றார். நான் தார்ப்பாய் எடுத்து வருவதற்குள் அடிக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல காற்று வேறு. சாயங்காலம் கப்பிகள் தண்ணீரின் மேல்மட்டத்தில் நிலைகொள்ளாமல் சுழன்றன. விடிந்து பார்த்தால் தொட்டி முழுக்க வெள்ளை வயிறு.

அவர் கொண்டுவந்தது கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிய மருந்து. பூச்சிமருந்து டப்பா என்றால் மருந்தின் பெயரும், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணமும் லேபிளில் இருக்க வேண்டும். இதில் எதுவும் இல்லை. பில்லிலும் பெயர் இல்லை. குளவிக்கு வழக்கமாக அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு விஷம், துளி கலந்தாலே போதும் என்பது உங்கள் தொழிலில் பாலபாடம் அல்லவா?

அப்புறம், வந்த நேரம். உச்சி வெயிலில் பாதிக் குளவிகள் இரை தேடி வெளியே போயிருக்கும். இருட்டிய பிறகு எல்லாம் கூடு திரும்பி அடங்கியிருக்கும்போது அடிப்பதுதான் முறை. உங்கள் ஆளுக்கோ முகவலையும் இல்லை, கையுறையும் இல்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேலையை முடித்தார். வெளியே போயிருந்தவை திரும்பி வந்து கலைந்து பறந்தன. பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த பாட்டியைக் கொட்டிவிட்டன. தேனீ மாதிரி கொடுக்கை விட்டுவிட்டுச் சாவதில்லையே குளவி. ஒன்றே பல தடவை கொட்டும். கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. மூச்சுத் திணறல் வந்துவிடுமோ என்று பயந்து ஆட்டோவில் பெரியார் நகர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நல்லவேளையாக அப்படி ஒன்றும் ஆகவில்லை.

பில்லைப் பார்த்தால் நான்கு கூடுகளுக்குக் கணக்கு. அதில் மூன்று, ஜன்னல் கம்பியோரம் இருந்த மண் கூடுகள். புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும் என்று பெரியவர்கள் சொல்லும் அந்தக் குளவி கட்டியவை. ஒற்றையாகத் திரியும், கூட்டம் சேர்ந்து கூட்டைக் காவல் காக்காது, கையால் பிடித்தாலொழிய யாரையும் கொட்டாது. உங்கள் ஆள் தட்டிவிட்ட கூடு உடைந்து, குஞ்சுக்கு இரையாக அடைத்து வைத்திருந்த சிலந்திகள் கால் மட்டும் லேசாக அசையத் தரையில் கிடந்தன. அதை அகற்றும்படி யார் கேட்டது? கேட்ட கூடு அப்படியே இருக்க, கேட்காததற்குப் பணம்.

மண் கூடுகளுக்கு வாங்கிய தொகையையும் செத்த மீன்களின் விலையையும் திருப்பித் தர வேண்டும். மீன்களின் படங்களையும் கணக்கையும் இணைத்திருக்கிறேன். பாட்டியின் வைத்தியச் செலவும் உங்களுடையதே. அடித்த மருந்தின் பெயரை எழுத்தில் தாருங்கள், தொட்டிகளை என்ன செய்வது என்று முடிவெடுக்க அது வேண்டும். டேங்குக்கு அடியில் உள்ள கூட்டை, இருட்டிய பின், பாதுகாப்பு உடையோடு வரும் பழகிய ஆளை அனுப்பி, கட்டணமின்றி அகற்றுங்கள். வருவதற்கு முந்தைய நாளே சொன்னால் தொட்டிகளை மூடிவைத்து, பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிடுவேன்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில்லின் நகலும் இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
கொளத்தூர் வாடிக்கையாளர்