சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் பக்கத்து மலைகளையும் கண்மாய்களையும், அவற்றைப் பார்க்க வருகிறவர்களையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ள அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம். யார் பெயருக்கு எழுதுவது என்று தெரியாததால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். மூன்று அலுவலகங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் “அது எங்க கையில இல்லைங்க டீச்சர்” என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஓரிடத்தில் டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். யார் கையில் இருக்கிறதோ அவர் கண்ணில் இது படட்டும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மலையடிவாரத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, வேப்பமரத்தை ஒட்டி, சுவரில் மயில் வரைந்த அந்தச் சின்னக் கழிப்பறைக் கட்டடம். பெண்கள் என்று ஒரு பக்கம், ஆண்கள் என்று ஒரு பக்கம். திறப்பு விழாக் கல்வெட்டு பதித்து, எழுத்துக்கெல்லாம் தங்க வர்ணம் பூசியிருக்கிறது. விழா நடந்த அன்றைக்குத் திறந்ததோடு சரி. எந்த மலை என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே சருகு கூட்டுகிற அக்காவுக்குத்தான் மெமோ போகும். கல்வெட்டில் பெயர் உள்ள யாருக்கும் போகாது.

அந்தக் கதவைத் திறந்து வையுங்கள் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல்.

பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகிறேன். மலை ஏறுவோம், கண்மாய்க் கரையில் நடப்போம், பறவை பார்ப்போம். ஆண்பிள்ளைகள் தாங்களாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு யாராவது ஒரு டீச்சர் வந்து வீட்டில் கேட்டால்தான் வெளியே விடுகிறார்கள்.

போன மாசி மாதம் இருபத்து மூன்று பிள்ளைகளோடு அந்த மலைக்குப் போனோம். காலை ஆறு மணிக்கு ஊரில் இருந்து கிளம்பி, இரண்டு பேருந்து மாறி, ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினோம். மாசி வெயில் உங்களுக்குத் தெரியும். பாறை சீக்கிரமே சூடேறிவிடும். பாதி தூரத்தில் இருக்கும் கல்மண்டபத்துக்கு வந்தபோது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, மடியில் படுக்கவைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் கண் திறந்தாள். “காலையில என்ன சாப்பிட்ட?” என்று கேட்டேன். இட்லி சாப்பிட்டிருக்கிறாள். “தண்ணி?” என்றேன். பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள்: “அவ அம்மா குடிக்காதேன்னு சொல்லி விட்டுச்சு டீச்சர். போற எடத்துல ஒதுங்க எடம் இருக்காதாம்.”

அப்போதுதான் மற்றப் பிள்ளைகளின் பைகளைப் பார்த்தேன். எல்லாரிடமும் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஏழெட்டைத் தவிர மற்றவை எல்லாம் வீட்டில் பிடித்தது பிடித்தபடி கழுத்துவரை நிறைந்திருந்தன. அந்த வெயிலில், அந்த ஏற்றத்தில், தோளில் தண்ணீரைச் சுமந்துகொண்டு நாக்கு வறள ஏறி வந்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் பாடம் சொன்னவள் நான். இதைக் கவனிக்காமல் முன்னால் நடந்து போனேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: அன்று காலை நானும் அரை டம்ளர் காப்பியோடுதான் கிளம்பியிருந்தேன். அப்படி ஒரு கணக்கு எனக்குள்ளேயும் ஓடுகிறது என்பது நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாது.

இறங்கி வந்து அந்தக் கட்டடத்துக்குப் போனோம். பூட்டு. கூட்டுகிற அக்காவைக் கேட்டேன். “சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்குங்க. அவுக காரைக்குடி போயிருக்காக” என்றார். வாட்ச்மேனின் நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசினேன். சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அலுவலகத்தில், ஒப்பந்தக்காரர் இன்னும் முறைப்படி ஒப்படைக்கவில்லை, தண்ணீர் இணைப்பும் பாக்கி என்றார்கள். ஒப்படைக்காத கட்டடத்துக்குத் திறப்பு விழா எப்படி நடந்தது என்று கேட்டேன். “அது போன அதிகாரி காலத்துலங்க” என்றார்கள். இத்தனையும் நான் போனில் பேசி முடிக்கும்வரை இருபத்து மூன்று பிள்ளைகளும் வேப்பமர நிழலில் காலைப் பின்னிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கூட்டுகிற அக்காதான் அரை மைல் தள்ளியிருக்கும் தன் வீட்டுக்கு நாலு நாலு பேராகக் கூட்டிப் போனார். குடத்தில் வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் எங்களுக்கே செலவழித்தார். அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை.

மயங்கி விழுந்த பிள்ளையின் அம்மாவைப் பிறகு பார்த்தேன். கோபமாகப் பேசத்தான் போனேன். நூறு நாள் வேலைக்குக் கண்மாய் வெட்டப் போகிறவர் அவர். “முன்னாடி கண்மாய்க்குள்ள கருவேலங்காடு கெடந்துச்சு டீச்சர், முள்ளு குத்துனாலும் மறைவு இருந்துச்சு. இப்ப அதையும் வெட்டியாச்சு” என்றார். சீமைக் கருவேலத்தை வெட்ட வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. கண்மாய்க்கு அது நல்லது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் இப்படி ஒரு பக்கம் அதற்கு இருக்கிறது என்பதை அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மகளுக்கு அவர் சொல்லி அனுப்பியது தன் அனுபவத்தை. கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கோபத்தைத்தான் இப்போது உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அலுவலகத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். “ஏரியும் மலையும் பார்க்கணும்னா கொடைக்கானல் கூட்டிட்டுப் போங்களேன் டீச்சர். அங்க எல்லா வசதியும் இருக்கு.” போகலாம். ஆனால் அங்கே வண்டிகள் தாங்காமல்தானே 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் இல்லாமல் விடுவதில்லை? கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டியது. எங்கள் முன்னோரும் ஓடையை மறித்துத்தான் கண்மாய் கட்டினார்கள், அவருக்குப் பல நூறு வருஷம் முன்பே. மடை, கலுங்கு, கரை எல்லாம் கணக்காக. அதில் படகு விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது வயலுக்குப் போகிற தண்ணீர்.

நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் வண்ணத் தாளில் வீடுகள் இருக்கின்றன. கானாடுகாத்தான் முகப்பு, பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அந்த வீடுகளுக்கு வெளியே ஊர் என்று ஒன்று இருக்கிறதே! காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீட்டைக் காட்டுகிறோம். மலையடிவாரத்தில் ஒரே ஒரு கதவு திறக்க மாட்டேன் என்கிறது.

வேட்டங்குடி 1977இல் இருந்து பறவைகள் சரணாலயம். மழைக்காலம் முடிகிற சமயத்தில் போனால் மஞ்சள்மூக்கு நாரை மரம் மரமாக உட்கார்ந்திருக்கும். நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும்; அதைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. பறவைகள் மிரண்டுவிடும் என்று சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நாரைக்காக ஒரு ஊர் வெடியை விட்டுக்கொடுத்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்காக ஒரு பூட்டைத் திறக்க உங்களால் முடியாதா?

பிரான்மலைதான் பாரியின் பறம்பு. அந்த மலை வானம் போன்றது, அதன் சுனைகள் வானத்து மீன்கள் போன்றவை என்று கபிலர் பாடியிருக்கிறார். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. மலைக்குக் கூட்டிப் போனால் பத்துக் கேள்வி. கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் வலையுமாகச் சனம் மொத்தமும் தண்ணீரில் இறங்கும். இதற்கெல்லாம் நுழைவுச் சீட்டுக் கிடையாது, விளம்பரம் கிடையாது. வருகிறவர்களில் பெண்களும் நிறையப் பேர். அவர்கள் காலையில் இருந்து என்ன கணக்குப் போட்டு வந்து நிற்கிறார்கள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாளில் வெளிநாட்டு விருந்தினருக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறீர்கள். நல்ல காரியம். நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாளாம். அன்றைக்கு அந்தப் பூட்டுக்கு ஒரு மாலை போடலாம். பகல் பன்னிரண்டு அடித்தால் நிமிஷம் தவறாமல் திறக்கிற கடைகளும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அங்கே வாங்கியதை மலைப்பாறையில் உட்கார்ந்து குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் சில்லுகளை எங்கள் பிள்ளைகள் இரண்டு சாக்கு நிறையப் பொறுக்கியிருக்கிறார்கள். அந்தக் கடைச் சாவி மட்டும் ஒருநாளும் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் போவதில்லை.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

புதிதாக எதுவும் கட்டித்தர வேண்டாம். பார்வை மாடம், செல்ஃபி மேடை, பூங்கா வளைவு எதுவும் வேண்டாம். கட்டியதைத் திறந்து வையுங்கள். குழாயில் தண்ணீர் வரச் செய்யுங்கள். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாருங்கள். வெளிப்பக்கம் இவ்வளவு பெரிய பூட்டு வாங்க முடிந்தவர்களுக்கு அது கஷ்டமாக இருக்காது. சாவியை அங்கேயே இருக்கிற கூட்டுகிற அக்காவிடம் கொடுங்கள், அதற்கு உரிய கூலியோடு. சனி, ஞாயிறாவது காலை ஏழு மணிக்குத் திறந்திருந்தால் போதும்.

வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை அதே மலைக்கு மறுபடியும் போகிறோம். மயங்கி விழுந்த பிள்ளையும் வருகிறாள். அவள் அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஃபினாயில், வாளி, விளக்குமாறு எல்லாம் நான் எடுத்து வருகிறேன். தயவுசெய்து அதற்குள் அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
காரைக்குடி வட்டம்.

பி.கு.: போன வாரம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். பூட்டு துருவேறிவிட்டது. சாவி கிடைத்தாலும் லேசில் திறக்காது. ஆள் அனுப்பும்போது கையில் கொஞ்சம் எண்ணெய் கொடுத்து அனுப்புங்கள்.