தலைமாட்டுச் சுவரில் இருந்த பிளக்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு தொலைபேசியில் நீ அழுதது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஒட்டாவாவில் சொந்த வீட்டுக்குக் குடிபோய் நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் காப்புறுதி நிறுவனம் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, 30 நாளுக்குள் திருத்த வேலைகளை முடிக்காவிட்டால் காப்புறுதியை நிறுத்துவோம் என்று எழுதியிருக்கிறது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி அம்மாவும் நானும் இரண்டு தரம் வாசித்தோம். அலுமினிய வயரிங், பின்பக்கப் படிக்குக் கைப்பிடி, 22 வருடப் பழைய கூரை. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துத்தான் நீ பயந்துபோனாய்.

கைப்பிடியை இந்த வாரமே போட்டு, படம் எடுத்து அனுப்பிவிடு. கேட்டதில் ஒன்று முடிந்துவிட்டது என்று தெரிந்தால் மற்றதற்குத் தவணை கேட்க உனக்கும் வாய் வரும்.

கூரைக்குத் தவணை கேட்பதில் தப்பே இல்லை. கூரையில் பதிக்கும் ஷிங்கிள் தகட்டின் அடியில் இருக்கும் தார்ப்பசை வெயில் சூட்டில்தான் பிடிக்கும். சனவரிக் குளிரில் போட்டால் ஒட்டாமல் கிடந்து, பெருங்காற்று வந்தால் கிளம்பிவிடும். கூரை வேலைக்காரர் ஒருவரிடம் விலையும், மே மாதத்தில் ஒரு திகதியும் எழுத்தில் வாங்கி உன் காப்புறுதி முகவருக்கு அனுப்பு. அதுவரை கூரைக்குச் சேதம் வந்தால் தேய்மானம் கழித்துத்தான் தருவோம் என்று சொல்லக்கூடும். நான்கு மாதத்துக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எதையும் தொலைபேசியில் மட்டும் பேசி முடிக்காதே. அவர்களும் எழுத்தில் பதில் தரவேண்டும்.

வயரிங் விஷயத்தில்தான் நான் சொல்வதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

ரொறன்ரோவில் நம்முடைய ஸ்காபரோ வீடு 1971இல் கட்டியது. 1960களின் நடுவில் செம்பு விலை ஏறியபோது வீடு கட்டியவர்கள் அலுமினியக் கம்பிக்கு மாறினார்கள். 1970களின் பிற்பகுதி வரைக்கும் அப்படிக் கட்டிய வீடுகள் நிறைய. 2009இல் எங்களுக்கும் இதே மாதிரி ஒரு கடிதம் வந்தது. உனக்கு அப்போது பத்து வயது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பதினொரு வருடம் ஒரு மாதம் தவறாமல் பணம் கட்டியவனிடம், உன் வீடு சரியில்லை என்று சொல்கிறார்களே என்று மனம் கொதித்தது. அந்தக் கொதிப்பில், தெரிந்த ஒருவரைப் பிடித்து 700 டொலர் கையில் கொடுத்து வேலையை முடித்தேன். அவரிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. ஆய்வுச் சான்றிதழ் எங்கே என்று நிறுவனம் கேட்டபோது கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

பிறகு அனுமதி பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். முதலில் கழற்றியது உன் அறையில், கட்டிலின் தலைமாட்டில் இருந்த பிளக்கை. குளிர்காலம் முழுக்க அம்மா உனக்காகச் சின்ன ஹீட்டரைச் செருகி வைப்பாளே, அதே பிளக். மூடியின் முன்பக்கம் பால் வெள்ளை. திருப்பிப் பார்த்தால் அடிப்பிடித்த சட்டியைப் போலக் கருகியிருந்தது. கம்பியின் மேலுறையை அவர் விரலால் தொட்டதும் அப்பளம் போல நொறுங்கி என் உள்ளங்கையில் விழுந்தது. முன்னால் வந்தவர் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அன்று இரவு உன்னை எங்கள் அறையில் படுக்க வைத்தோம். ஏன் என்று கேட்டாய். நான் சொல்லவில்லை.

கம்பியில் குறையில்லை, இணைப்பில்தான் குறை என்று அந்த ஒப்பந்தக்காரர் விளக்கினார். அலுமினியம் மென்மையானது. சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், ஆறும்போது சுருங்கும். இப்படி விரிந்து சுருங்கித் திருகாணியின் பிடி தளரும், தளர்ந்த இடம் சூடேறும். அதனால் சுவரை உடைத்துக் கம்பியை எல்லாம் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதே. ஒவ்வொரு பிளக்கிலும் ஆளியிலும் (சுவிட்ச்) விளக்கிலும் அதற்கென்றே அங்கீகரித்த இணைப்பியால் ஒரு துண்டு செம்புக் கம்பியைச் சேர்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தார்கள். 2,400 டொலர் ஆனது.

நம் ஒன்ராறியோ மாகாணத்தில் இந்த வேலையைக் கூலிக்குச் செய்பவர் அனுமதி பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். அது சட்டம். அவருடைய 7 இலக்க அனுமதி எண் வண்டியிலும் விலைச் சீட்டிலும் இருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் ஒருவரையும் வீட்டுக்குள் விடாதே. மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு வேலையை அறிவிப்பது அவர் பொறுப்பு. முடிந்ததும் ஆணையத்தின் சான்றிதழை வாங்கி அனுப்பு. நிறுவனத்துக்கு வேண்டியது அந்தத் தாள்தான்.

வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா என்று கேட்டாய். விசாரித்துப் பார், அது உன் உரிமை. ஆனால் அங்கும் வயரிங்கைப் பற்றிக் கேட்பார்கள், உண்மையைத்தான் எழுத வேண்டும். மறைத்து எழுதி நாளைக்கு வீடு எரிந்தால் ஒரு சதமும் வராது. இவர்களாக நிறுத்தும் நிலைக்கும் விட்டுவிடாதே. அவர்கள் பதிவுத் தபால் அனுப்பினால் 15 நாளில் காப்புறுதியை நிறுத்திவிடலாம். அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் உன்னை முன்பு யாராவது நிறுத்தினார்களா என்று கேட்பார்கள். அடமானம் தந்த வங்கியும் தானே ஒரு காப்புறுதியைப் போட்டு அந்தச் செலவை உன் தலையில் கட்டலாம்.

பணத்துக்கு யோசிக்காதே. அம்மா ஒரு தொகை எடுத்து வைத்திருக்கிறாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்லிவிட்டேன். எங்கள் 2009ஆம் ஆண்டுச் சான்றிதழின் பிரதியையும் அனுப்புகிறேன். வாங்க வேண்டிய தாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வாய்.

கடிதத்தை மடித்து வைத்த கையோடு ஒன்று செய். வீட்டில் உள்ள பிளக் மூடிகளையும் ஆளி மூடிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். சூடாக இருந்தாலோ, பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தாலோ, அந்தப் பக்கத்து பிரேக்கரை நிறுத்திவிட்டு உடனே மின் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடு. உன் படுக்கை அறையில் ஹீட்டர் ஓடுகிறது என்று போன வாரம் சொன்னாயே, அதை இன்று இரவே கழற்றிவிடு. கழற்றியதும் எத்தனை மணியானாலும் எனக்கு அழைத்துச் சொல், விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா