புள்ளியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு: மென்பொருள் வந்துவிட்டது, கணக்குகள் எப்போது மாறும்?

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். இளநிலை, முதுநிலை இரண்டு வகுப்புகளுக்கும் கணிதப் புள்ளியியல் தாளும் அதற்கான செய்முறைத் தாளும் என் பொறுப்பில் இருக்கின்றன. பாடத்திட்டத் திருத்தத்துக்கு நீங்கள் மீண்டும் கூட இருக்கும் நேரத்தில், அந்தச் செய்முறைத் தாளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

கால்குலேட்டரும் புள்ளியியல் அட்டவணையும் இருந்த இடத்துக்கு ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கொண்டுவந்தீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் கணக்குகள் பழைய கணக்குகளாகவே நின்றுவிட்டன. இரண்டு வகை உரம், பத்து வயல், விளைச்சல் எண்கள், டி சோதனை (இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் சோதனை) செய்க. முன்பு இதைக் கையால் போட்டார்கள். இப்போது தட்டச்சு செய்கிறார்கள். எந்த மாணவரின் ரெக்கார்டு நோட்டை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். இடப்பக்கம் கட்டளைகள், வலப்பக்கம் ஒட்டப்பட்ட அச்சுத் தாள், அடியில் ஒரே வாக்கியம்: "பி மதிப்பு 0.05ஐ விடக் குறைவு; எனவே இன்மை எடுகோள் மறுக்கப்படுகிறது." அதாவது, வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தென்படும் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கும் குறைவு; ஆகவே வேறுபாடு இல்லை என்ற கருத்தைக் கைவிடுகிறோம். எண்கள் ஆண்டுதோறும் மாறாததால் அந்த நோட்டு மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வருகிறது. தேர்விலோ கட்டளையை நினைவிலிருந்து தாளில் எழுத வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் மதிப்பெண் போய்விடும். அந்தக் காற்புள்ளியைக் கணினியே சுட்டிக்காட்டும் என்பது தெரிந்தும் இப்படித் தேர்வு நடத்துகிறோம்.

கட்டளையை மனப்பாடம் செய்வதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. கட்டளைகள் மாறும். ஒரே ஆளிடம் இருமுறை எடுத்த அளவுகளை ஒப்பிடும் இணை டி சோதனைக்குப் பல ரெக்கார்டு நோட்டுகளில் இருக்கும் அந்தப் பழைய வாய்பாட்டு வடிவக் கட்டளையை 2024இல் வெளியான ஆர் 4.4.0 பதிப்பில் கொடுத்தால் விடை வராது, பிழைச் செய்திதான் வரும். சோதனை எதற்காக என்று புரிந்துகொண்ட மாணவர் உதவிப் பக்கத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார். மனப்பாடம் செய்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.

கணக்கை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு, நான் வகுப்பில் கொடுக்கும் ஒரு கணக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஓர் ஊரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. அங்கே 20 பேரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறோம். நோயுள்ளோரின் விகிதத்துக்கு 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி காண வேண்டும்; அதாவது, மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை உண்மையான விகிதத்தை உள்ளடக்க வேண்டிய இடைவெளி. பாடநூல் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: மாதிரி விகிதத்துக்கு இரு பக்கமும் திட்டப் பிழையின் (மாதிரிக்கு மாதிரி விகிதம் எவ்வளவு மாறும் என்பதன் அளவு) 1.96 மடங்கு. பழைய செய்முறையில் கணக்கு இங்கே முடிந்துவிடும். நான் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன். இதே மாதிரியெடுப்பைக் கணினியில் 10,000 முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கணக்கிடுங்கள். அவற்றில் எத்தனை இடைவெளிகளுக்குள் உண்மையான 0.1 இருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஏறத்தாழ 9,500 வரும் என்று மாணவர்கள் எதிர்பார்க்கிறார்கள். வருவதோ 8,760ஐ ஒட்டிய எண். முதலில் நிரலில்தான் தவறு என்று நினைத்து மீண்டும் ஓட்டுகிறார்கள். மீண்டும் அதே அளவுதான். பிறகு யாராவது ஒருவர் இடைவெளிகளைப் பட்டியலாக எடுத்துப் பார்ப்பார். சுழியில் தொடங்கிச் சுழியிலேயே முடியும் இடைவெளிகள் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் கிடக்கும். 20 பேரில் ஒருவருக்குக்கூட நோய் இல்லாமல் போவதற்கான நிகழ்தகவு 0.9இன் இருபதாம் அடுக்கு, அதாவது 12.16 விழுக்காடு. அப்போது மாதிரி விகிதம் சுழி, திட்டப் பிழையும் சுழி, இடைவெளி ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. இங்கே தாளும் பேனாவும் தானாகவே மேசைக்கு வருகின்றன. நோயுள்ளோர் எண்ணிக்கை 1 முதல் 6 வரை இருந்தால் மட்டுமே இடைவெளி 0.1ஐ உள்ளடக்கும் என்று கண்டுபிடித்து, ஈருறுப்புப் பரவலில் (20 பேரில் இத்தனை பேருக்கு நோய் இருக்கும் என்பதற்கான நிகழ்தகவுகளில்) அதைக் கூட்டிப் பார்த்தால் சரியாக 87.6 விழுக்காடு.

"பெரிய மாதிரிகளுக்கு மட்டும்" என்று பாடநூல் ஒரு வரியில் எச்சரிக்கத்தான் செய்கிறது. அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகே மாணவருக்கு உறைக்கிறது. அடுத்து, இ. பி. வில்சன் என்ற கணித அறிஞர் 1927இல் தந்த இடைவெளியை இதே மாதிரிகளில் போடச் சொன்னால் 95.7 விழுக்காடு கிடைக்கிறது. ஒரே பிற்பகலில் நம்பிக்கை இடைவெளியின் பொருள், திட்டப் பிழையின் பலவீனம், ஒரு சூத்திரத்தை இன்னொன்றோடு ஒப்பிடும் முறை மூன்றும் கைவசமாகின்றன. "95 விழுக்காடு" என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று முதுநிலை முடித்தவரிடம் கேட்டாலும் தடுமாறுகிறார். இந்தக் கணக்கைப் போட்ட இரண்டாமாண்டு மாணவர் தடுமாறுவதில்லை.

இதைப் புதுமை என்று சொல்லி உங்களிடம் வரவில்லை. நம் பாடத்திட்டத்தில் இருக்கும், டி சோதனைக்கு அடிப்படையான டி பரவலே இப்படித்தான் பிறந்தது. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அந்தக் கட்டுரையை வெளியிட்டார். தாம் கண்ட பரவல் சரிதானா என்று பார்க்க, 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் கையால் கணக்கிட்டு, கோட்பாடு சொன்னதோடு ஒப்பிட்டார். கோட்பாட்டுத் தாளையும் செய்முறைத் தாளையும் தனித்தனி அறைகளில் வைத்தது பிற்காலத்தில் நாம் செய்த ஏற்பாடு. காசெட் அட்டைகளோடு பட்ட பாட்டை இன்று ஆர் ஒரு நொடியில் செய்து தருகிறது. நம் மாணவர்களோ டி அட்டவணையில் மதிப்பைத் தேட மட்டும் பழகுகிறார்கள்.

அதே 1908 கட்டுரையில் வரும் ஒரு சிறு தரவு ஆர் மென்பொருளுக்குள்ளேயே 'ஸ்லீப்' என்ற பெயரில் இருக்கிறது. பத்துப் பேர், இரண்டு மருந்துகள், ஒவ்வொருவருக்கும் கூடுதலாகக் கிடைத்த உறக்கம் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு. மொத்தம் இருபதே எண்கள். ஒரே ஆள் இரண்டு மருந்தையும் உட்கொண்டார் என்பதைக் கணக்கில் கொண்டு இணை டி சோதனை செய்தால் டி மதிப்பு 4.06, பி மதிப்பு 0.003. அதை மறந்து, இரண்டு தனித்தனிக் குழுக்கள் என்று எடுத்துக்கொண்டால் பி மதிப்பு 0.079. எண்களும் அவையே, மென்பொருளும் அதுவே, முடிவு மட்டும் தலைகீழ். "எந்தச் சோதனை?" என்பதை வினாத்தாளே சொல்லிவிட்டால் மாணவர் கற்க வேண்டிய பாதியை நாமே பறித்துக்கொள்கிறோம். தரவு திரட்டப்பட்ட விதத்தை மட்டும் விவரித்துவிட்டு, சோதனையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தை மூன்று வரியில் எழுதச் சொல்லுங்கள், தமிழில் எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

கோட்பாட்டுத் தாளில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் வினா ஒன்று: சுழி முதல் தீட்டா வரையிலான சீரான பரவலில் தீட்டாவை மதிப்பிடுக. (சுழிக்கும் தீட்டா என்ற தெரியாத எல்லைக்கும் இடையே எந்த எண்ணும் சம வாய்ப்போடு வரும்; மாதிரியைப் பார்த்து அந்த எல்லையைக் கணிக்க வேண்டும்.) மாதிரிச் சராசரியின் இருமடங்கு ஒரு வழி, மாதிரியின் மீப்பெரு மதிப்பைச் சற்றுத் திருத்திக்கொள்வது இன்னொரு வழி. மாணவர் நிறுவுகிறார், தாளை மடித்து வைக்கிறார். இதையே கணினியில் போட்டால், மாதிரி அளவு 10 ஆக இருக்கும்போது முதல் வழியின் பரவற்படி (மதிப்பீடு எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) இரண்டாவதைப் போல நான்கு மடங்கு என்பது படத்திலேயே தெரிகிறது. அதற்கு மேலும் ஒன்று உண்டு. புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் 1945இல் கல்கத்தாவிலிருந்து வெளியிட்ட கீழ்வரம்பை (சராசரியில் சரியான விடை தரும் எந்த மதிப்பீட்டின் பரவற்படியும் இதற்குக் கீழே போகாது என்ற எல்லையை), அதன் நிபந்தனைகளைப் பார்க்காமல் இந்தப் பரவலுக்குக் கண்மூடித்தனமாகக் கணக்கிட்டால் தீட்டாவின் வர்க்கத்தில் பத்தில் ஒரு பங்கு வருகிறது. கணினியிலோ முதல் வழியின் பரவற்படி முப்பதில் ஒரு பங்கு, இரண்டாவதன் பரவற்படி நூற்றிருபதில் ஒரு பங்கு. இரண்டுமே கீழ்வரம்புக்கும் கீழே போகின்றன! ராவின் தேற்றம் பொய்யா என்று கேட்பார்கள். அப்போதுதான், தீட்டா போன்ற பண்பளவையைச் சார்ந்து எல்லை நகரும் பரவலுக்கு அந்தத் தேற்றம் பொருந்தாது என்ற நிபந்தனைக்கு உயிர் வருகிறது. ஒரு தேற்றத்தின் நிபந்தனைகளை மாணவர் தாமாகவே தேடிப் படிப்பதை இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். மிகப் பெரிய மதிப்புகள் அடிக்கடி வரும் காஷி பரவலுக்குச் சராசரி கிடையாது என்ற ஒற்றை வரியும் அப்படித்தான். பத்தாயிரம் மதிப்புகளுக்குப் பிறகும் அதன் சராசரி நிலைகொள்ளாமல் எகிறுவதை வரைபடத்தில் பார்த்தவருக்கு, மாதிரி பெருகப் பெருகச் சராசரி நிலைகொள்ளும் என்ற பேரெண் விதி எங்கே செல்லாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்த் தரவுகளுக்கும் இடம் கொடுங்கள். ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அதை மழை நாள் என்று இந்திய வானிலைத் துறை கணக்கிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாட்கள். சென்னை நுங்கம்பாக்கம் நிலையத்தின் பல ஆண்டுத் தரவை எடுத்து, பருவத்துக்கு எத்தனை மழை நாள் என்ற எண்ணிக்கைக்கு ஈருறுப்புப் பரவல் பொருந்துகிறதா என்று கேளுங்கள். காற்றழுத்தத் தாழ்வு வந்தால் மழை விடாமல் நாலைந்து நாள் பெய்யும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் இன்னொரு நாளைச் சாராது என்ற அனுமானம் அங்கேயே ஆட்டம் காண்கிறது. மாணவர் தம் வாழ்வில் அறிந்ததையும் பாடத்தில் படித்ததையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கணக்கு இது. விடுபட்ட நாட்கள், தவறாகப் பதிவான எண்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். வேலைக்குப் போனதும் அவர் கையில் விழப்போகும் தரவு அப்படித்தான் இருக்கும்.

உங்களில் சிலர் எழுப்பும் மறுப்புகளை அறிவேன். கையால் போட்டால்தான் புரியும் என்கிறீர்கள். ஒருமுறை கையால் போடட்டும், அதை நானும் வற்புறுத்துகிறேன். ஐந்தாவது முறை போடுவதால் கை மட்டுமே வலுக்கிறது. எல்லா மாணவர்களும் ஒரே விடையைப் பார்த்து எழுதிவிடுவார்கள் என்ற கவலைக்கு எளிய தீர்வு உண்டு. சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் தொடக்க எண்ணாக ஒவ்வொருவரும் தம் பதிவெண்ணைக் கொடுக்க வேண்டும் என்று விதியுங்கள். ஆளுக்கு ஆள் எண்கள் வேறாக வரும். மேலே சொன்ன நோய்க் கணக்கில் ஒருவருக்கு 8,741, அடுத்தவருக்கு 8,783. தேர்வாளர் அதே பதிவெண்ணைக் கொடுத்து நொடியில் சரிபார்க்கலாம். பார்த்து எழுதுவது தடைபடுவதோடு, விடைகள் ஏன் சற்றே வேறுபடுகின்றன என்பதும் வகுப்பில் பேசத்தக்க ஒரு கேள்வியாகிவிடுகிறது.

செலவு ஒரு தடையே இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காகத் தொடங்கியதுதான் ஆர். 1995இல் அதைக் கட்டற்ற மென்பொருளாக்கினார்கள். மேலே சொன்ன எல்லாக் கணக்குகளும் பழைய கணினியிலும், இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும். உண்மையான தடை வேறு. பல கல்லூரிகளில் கணினி ஆய்வகம் கணினி அறிவியல் துறையின் கையில் இருக்கிறது. புள்ளியியல் துறைக்கு மிச்சமிருக்கும் நேரம்தான் கிடைக்கிறது. செய்முறைத் தாளுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக மூன்று மணி நேர ஆய்வகம் கட்டாயம் என்று பாடத்திட்டத்திலேயே நீங்கள் எழுதிவிட்டால், கல்லூரி நிர்வாகத்திடம் எங்களுக்குப் பேச ஒரு பிடிமானம் கிடைக்கும். அதே போல, புதிய வகைக் கணக்குகளை நடத்த ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும். மூத்த ஆசிரியர்கள் பலர் கோட்பாட்டில் கரை கண்டவர்கள். அவர்களிடம் கேட்காமலே மென்பொருளைத் திணித்ததால்தான் அது இளம் விரிவுரையாளர் ஒருவரின் தலையில் மட்டும் விழுந்துகிடக்கிறது. அவர்களையும் சேர்த்து உட்காரவைத்துக் கணக்குகளை எழுதச் சொன்னால் அற்புதமான கணக்குகள் வரும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இன்னொன்றையும் மறுக்க முடியாது. பொருளற்ற எண்களின் மேல் 20 சோதனைகளை ஓட்டினால், அவற்றில் ஒன்றின் பி மதிப்பாவது 0.05க்குக் கீழே விழுவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. பொத்தானைத் தட்டினால் சோதனை நடக்கும் காலத்தில் இதை அறியாத பட்டதாரியை மருத்துவ ஆய்வுக்கும் அரசுத் திட்ட மதிப்பீட்டுக்கும் அனுப்புவது அவருக்கும் நல்லதல்ல, அவர் எழுதும் அறிக்கையை நம்பும் மக்களுக்கும் நல்லதல்ல.

எனவே என் வேண்டுகோள்: கோட்பாட்டுத் தாளின் ஒவ்வோர் அலகுக்கும் அதைச் சோதித்துப் பார்க்கும் கணினிக் கணக்குகள் இரண்டையாவது செய்முறைத் தாளில் சேருங்கள். செய்முறைத் தேர்வைக் கணினி முன்னால், உதவிப் பக்கங்களைத் திறந்து வைத்தே நடத்துங்கள். கட்டளைக்குக் குறைந்த மதிப்பெண்ணும், விளக்கத்துக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள். தரவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

வகுப்பில் கொடுத்துப் பார்த்துத் திருத்திய கணக்குகளை விடைக் குறிப்புகளோடு தொகுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் கேட்டால் உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்புகிறேன். என் பெயர் இல்லாமலே எந்தக் கல்லூரியும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், மேம்படுத்தலாம். நேரில் வந்து ஒரு கணக்கை ஓட்டிக்காட்ட அரை மணி நேரம் ஒதுக்கினால், மடிக்கணினியோடு வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்