வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தோமா ஆலயத்துக்குப் போ

பொறையார்,
அக்டோபர் மாதம்.

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் ஆச்சியும் நல்ல சுகம். உன் சுகத்துக்காக தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. நீயும் லேபுக்கு நேரமாச்சு என்று ஓடுகிறாய். அதனால் தாளில் எழுதி, அம்மாவைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நிதானமாகப் படி.

வெளிநாட்டுப் பிள்ளைகளை எல்லாம் யூனிவர்சிட்டியில் வைமருக்குக் கூட்டிப்போனார்கள், நான் பேர் கொடுக்கவில்லை என்று சொன்னாய். ஏன்மா என்று கேட்டதற்கு, "லோன் வாங்கிப் படிக்க வந்திருக்கேன்ப்பா, ஊர் சுத்தவா வந்தேன்?" என்றாய். அந்தப் பேச்சு அன்று இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. இவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று அம்மாவுக்குப் பெருமை. எனக்கு மனசு கேட்கவில்லை. கடன் கணக்கு என்னோடு இருக்கட்டும், பாப்பா. நீ ஜெர்மனியில், லைப்ஸிக்கில் இருக்கிறாய். அந்த ஊரைப் பார்ப்பதும் நீ அங்கே போனதில் ஒரு பங்குதான்.

ஜெர்மன் கவிஞர் கோதே பதினாறு வயதில் சட்டம் படிக்க வந்தது உன் யூனிவர்சிட்டிக்குத்தான், 1765-இல். மாணவனாக அவர் போய் உட்கார்ந்த அவுயர்பாக் நிலவறை உணவகம் பின்னால் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் ஒரு காட்சியாகவே வந்துவிட்டது. படிக்கப் போன ஊரில் சுற்றித் திரிந்ததும் அவருக்கு வீணாகவில்லை.

நீ பார்க்க வேண்டியவற்றில் எனக்கு முதலாவது தோமா ஆலயம். உன் ஹாஸ்டலிலிருந்து டிராமில் கொஞ்ச தூரம்தான் என்று நீயே சொன்னாய். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் சனிக்கிழமை மூன்று மணிக்கும் அங்கே மோட்டெட் என்கிற பல குரல் பாட்டு வழிபாடு நடக்கும். சில யூரோதான் ஆகும். பாடுவது தோமா பள்ளியின் பையன்கள். அந்தப் பாடகர் குழு 1212-இல் ஆரம்பித்தது. 1723-இல் இசையமைப்பாளர் பாஹ் அதற்குத் தலைமையேற்று, 1750-இல் சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்து அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதிக்கொடுத்தார். அந்த வேலைக்கு ஊர்ச் சபையார் முதலில் கேட்டது டெலமானை, பிறகு கிராவுப்னரை. இரண்டு பேரும் வர முடியாமல் போனதால்தான் பாஹுக்குக் கிடைத்தது. நம் ஆலயப் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த இரண்டு பேருக்கும் நான் மிகவும் நன்றிக்கடன் பட்டவன்.

உள்ளே போனதும் பலிபீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு வெண்கலப் பலகை இருக்கும். பேர் மட்டும்தான் பொறித்திருக்கும். பாஹின் கல்லறை அது. முதலில் வேறொரு ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடையாளமே இல்லாமல் புதைத்திருந்தார்கள். போரில் அந்த ஆலயம் இடிந்ததால் 1950-இல் இங்கே கொண்டுவந்தார்கள். அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு, பெஞ்சில் போய் உட்கார். பாடுகிற பிள்ளைகள் பின்பக்க மாடத்தில் இருப்பார்கள். திரும்பித் திரும்பிப் பார்க்காதே. போனை எடுக்காதே. சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து எழும்பி உன் தலைக்கு மேலாகப் போகும். ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரலும் டெனரும் எங்கே சேருகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று காதை வைத்துக் கேள். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து ஆல்ட்டோ பாடினவள் நீ. உனக்குத் தெரியும்.

பெரிய வெள்ளிக்கிழமை நாம் பாடுகிற 'இரத்தம் காயம் குத்தும்' பாட்டின் ராகத்தை 'மத்தேயு சுவிசேஷத்தின்படியான பாடுகள்' என்ற தன் இசைப் படைப்பில் பாஹ் ஐந்து இடங்களில் வைத்திருக்கிறார், சுருதியையோ இசைவையோ மாற்றி மாற்றி. அந்தப் பாடுகளை முதன்முதலாகப் பாடியது 1727-இல், இதே தோமா ஆலயத்தில், பெரிய வெள்ளியன்று. இப்போதும் வருஷாவருஷம் அந்த வாரத்தில் அங்கே பாஹின் பாடுகளைப் பாடுகிறார்கள். டிக்கெட் விற்பனை ஆரம்பித்ததும் வாங்கிவிடு. எவ்வளவு ஆனாலும் சரி, அந்தப் பணம் என் கணக்கு. தரங்கம்பாடி ஆலயத்தில் ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற அதே ராகம் அங்கே எழும்பும்போது, நம் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே இருக்க வேண்டும். இது என் வெகுநாள் ஆசை.

நிக்கோலாய் ஆலயத்தை நீ ஏற்கெனவே பார்த்துவிட்டாய். அக்டோபர் 9 ஒளித்திருவிழாவில் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற படத்தை ஆச்சியிடம் காட்டினேன். அது எதற்கான வெளிச்சம் என்று அவர்கள் கேட்டார்கள். 1989-இல் அதே தேதியில், திங்கட்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்களோடு ஊரும் சேர்ந்து 70,000 பேர் அன்றைய கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்து ஊர்வலம் போனார்கள், துப்பாக்கியோடு போலீஸ் நின்றும் ஒரு குண்டும் சுடப்படவில்லை, சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்துவிட்டது என்று சொன்னேன். "ஜெபத்துக்குப் போனவங்களா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்கள். பகலில் இன்னொரு தரம் உள்ளே போய்த் தூண்களைப் பார். உச்சியில் ஈச்ச ஓலை விரிந்ததுபோலச் செதுக்கியிருப்பார்கள்.

இப்போது ஹாலேவுக்கு வருகிறேன். ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது, உன் செமஸ்டர் டிக்கெட்டிலேயே போய்விடலாம். இசையமைப்பாளர் ஹேண்டல் பிறந்த ஊர் என்று எல்லோரும் அவர் வீட்டைப் பார்க்கச் சொல்வார்கள். பார். ஆனால் நீ தரங்கம்பாடிக் கரையில் வளர்ந்த பிள்ளை. உனக்கு அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஃபிராங்கே நிறுவனங்கள். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698-இல் அநாதைப் பிள்ளைகளுக்காகக் கட்டத் தொடங்கிய வளாகம் அது. அந்த ஃபிராங்கேயிடம் ஹாலேவில் படித்த ஜெர்மன் மிஷனரிதான் சீகன்பால்கு ஐயர். அவர் 1706 ஜூலை 9 அன்று நம் கரையில் வந்து இறங்கினார்.

பிரதானக் கட்டிடத்தின் மேல்மாடியில் ஒரு கூடம் இருக்கிறது. உலகம் முழுக்கப் போன மிஷனரிகளும் மற்றவர்களும் அனுப்பின பொருள்களை, சுமார் 3,000 இருக்கும், வண்ணம் தீட்டிய மர அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சங்கு, சிப்பி, செருப்பு, எழுத்து மாதிரிகள், உத்தரத்திலிருந்து தொங்குகிற ஒரு முதலை. 1700-களில் அடுக்கின அதே முறையில் இன்றும் இருக்கிறது. நம் பக்கத்துப் பொருள்களையும் அதில் காணலாம். ஒவ்வொரு அலமாரி முன்னாலும் நின்று பார். ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. நூலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். வெட்கப்படாமல் கேள். "நான் தரங்கம்பாடியிலிருந்து வந்திருக்கிறேன்" என்று சொல். அந்த வளாகத்தில் அந்தப் பேருக்கு மதிப்பு உண்டு.

தரங்கம்பாடி அச்சகத்தின் முதல் தமிழ் எழுத்துகளில் ஒரு தொகுதி ஹாலேவில் வார்த்தது. 1713-இல் கப்பலில் வந்து சேர்ந்தது. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. அப்புறம் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார்கள். இது உனக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்ததுதான். சொல்லிக்கொடுக்காத ஒன்றும் இருக்கிறது. நம் ஜனங்களின் தெய்வங்களைப் பற்றி, இங்கே உள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு, சீகன்பால்கு ஐயர் 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அது அச்சேறியது 1867-இல், நம் சென்னையில். ஐயர் மேலே எனக்கு எவ்வளவு பக்தியோ, அந்த மறுப்பின் மேலே அவ்வளவு வருத்தம். அதே காலத்தில் மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதின பதில் கடிதங்களை மட்டும் ஜெர்மனில் பெயர்த்து அச்சிட்டார்கள். கல்யாணம், சாமி, சாப்பாடு, சாதி என்று நம் முன்னோர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுத்துச் சொன்ன கடிதங்கள். எழுதியவர்கள் பேர்கூடப் பெரும்பாலும் இல்லை. உனக்கு இப்போது ஜெர்மன் ஓரளவு வருகிறதே. ஒன்றிரண்டு கடிதமாவது படித்து எனக்குத் தமிழில் சொல். நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

1714-இல் ஐயர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற நம் பக்கத்து வாலிபரும் கூடப் போனார். அந்தப் பனியில் நீ நடக்கும்போது அவரையும் நினைத்துக்கொள்.

விட்டன்பர்க்குக்கு அக்டோபர் 31 போகலாம். சீர்திருத்த நாள், உங்கள் பக்கம் அரசு விடுமுறை. ஊரே திருவிழாவாக இருக்கும். அங்கே கோட்டை ஆலயத்தில் லுத்தர் 95 வாக்கியங்களை ஒட்டினார் என்கிற மரக்கதவு 1760-இல் எரிந்துபோய்விட்டது. இப்போது இருப்பது 1858-இல் வைத்த வெண்கலக் கதவு. கூட்டம் கதவிலேயே நின்றுவிடும். நீ உள்ளே போய் லுத்தரின் கல்லறையைப் பார்த்துவிட்டு வா.

வைமருக்கு அடுத்த முறை கூட்டிப்போனால் கட்டாயம் பேர் கொடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கோதே வீடு, ஷில்லர் வீடு, புகன்வால்ட் எல்லாம் ஒரே நாளில் போட்டிருந்தால், புகன்வால்டை அன்று விட்டுவிடு. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போ. ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், எட்டர்ஸ்பர்க் மலைமேல் இருந்த நாஜிகளின் வதை முகாம் அது. 1937 முதல் 1945 வரை சுமார் 56,000 பேர் அங்கே செத்தார்கள். வாசல் இரும்புக் கதவில் 'அவனவனுக்கு உரியது அவனவனுக்கு' என்று ஜெர்மனில் எழுத்து வைத்திருக்கிறார்கள். அதை உள்ளே இருப்பவர்கள் படிக்கும்படி உள்பக்கமாகத் திருப்பி வைத்தவர்கள் மனிதர்கள்தான். வாசல் கோபுரக் கடிகாரம் 3.15-இல் நிற்கும். விடுதலை வந்த நேரம். அங்கே தனியாகப் போகாதே, ஒரு தோழியை அழைத்துக்கொள். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதே. திரும்பி வந்து ராத்திரி எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடு.

டிரெஸ்டன், பிராக் எல்லாம் கூட்டாளிகளோடு ஜாலியாகப் போய்வா, அதற்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் உன் சீனியர் பிள்ளைகள் சனி ஞாயிறில் மூன்று ஊர் பார்த்ததாகப் படம் போட்டிருந்தார்களே, அப்படி வேண்டாம். ஒரு ஊர், அதில் ஒரு இடம், அங்கே இரண்டு மணி நேரம். போவதற்கு முந்தின ராத்திரி அதைப் பற்றி நாலு பக்கம் படி.

மாதம் ஒரு வெளியூர், வாரம் ஒரு மாலை ஆலயத்துக்கோ மியூசியத்துக்கோ. இதற்காகத் தனியாக ஒரு சிறு தொகை இந்த மாதத்திலிருந்து அனுப்புகிறேன். அதில் மளிகை வாங்கினேன் என்று சொன்னால் கோபம் வரும். லைப்ஸிக்கின் கெவாண்ட்ஹவுஸ் இசை அரங்கில் நடக்கிற கச்சேரிக்கு மாணவர் விலையில் டிக்கெட் உண்டா என்று கவுன்ட்டரில் கேள்.

தோமா பள்ளிக்கு விடுமுறை நாளென்றால் பிள்ளைகள் பாடமாட்டார்கள். அட்டவணையைப் பார்த்துவிட்டு, எந்த வெள்ளிக்கிழமை போகிறாய் என்று எனக்கு எழுது. என்ன பாடப்போகிறார்கள் என்று தெரிந்தால் நானும் இங்கே அதை எடுத்துப் பார்த்து வைப்பேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஃபிராங்கே நிறுவனங்களின் மியூசியம் திங்கட்கிழமை மூடியிருக்கும். சனிக்கிழமை காலையிலேயே கிளம்பு. ஸ்வெட்டர் போதாது, அந்தக் கறுப்பு கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள்.