மிக்கேல் பள்ளிக்கு ஓடி வந்தவர்களுக்கு

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

2022 மே 20, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால் மணி வாக்கில் ஜெர்மனியின் நம் பாடர்போர்ன் நகருக்குள் அந்தச் சுழற்காற்று புகுந்தது. சில நிமிடம்தான். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள். அதே காற்று காலை பத்து மணிக்கு வந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. முதல் நன்றி கடவுளுக்கு.

என் மகள் படிக்கும் புனித மிக்கேல் பள்ளி சாதாரணக் கட்டடம் இல்லை. 1658-இல் இந்த ஊருக்கு வந்த அகுஸ்தினார் சபைக் கன்னியர் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய இடம் அது. இரண்டாம் உலகப் போரில், 1945 மார்ச் 27 குண்டுவீச்சில் ஊரே எரிந்த பிறகும் இங்கே மறுபடி பள்ளி மணி அடித்தது. அப்படிப்பட்ட கூரையில் ஓடு போய் வானம் தெரிந்தபோது, வயதான சகோதரி ஒருவர் என் கையைப் பிடித்தபடி ஒன்றுமே பேசாமல் நின்றார்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். தீயணைப்பு வீரர்களே, பேரிடர் மீட்புக்கு வரும் தொழில்நுட்ப உதவிப் படையின் தொண்டர்களே, உங்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காமல் இந்த வேலை செய்கிறவர்கள். அன்று உங்கள் சொந்த வீட்டு ஓடும் பறந்திருக்கலாம். அப்படியிருந்தும் இருட்டில் ஏணி வைத்து ஏறித் தார்ப்பாய் கட்டினீர்கள். உங்களைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கால் நடுங்கியது.

தெருக்காரர்களுக்கும் நன்றி. யாரும் கூப்பிடவில்லை. துடைப்பமும் வாளியுமாக நீங்களே வந்தீர்கள். ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து, நனைந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, கண்ணாடித் தூள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிள்ளைகள் கையில் குத்திவிடக் கூடாதாம். என் மகளின் கணக்கு நோட்டு அப்படித்தான் திரும்பி வந்தது. மை கலங்கிப்போனாலும் அவள் அதை மாற்ற மாட்டேன் என்கிறாள்.

பெற்றோர், பழைய மாணவியர், சாப்பாடு கொண்டுவந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனால் மனசு நோகும் என்பதால் யார் பெயரையும் எழுதவில்லை.

அப்புறம் ஒன்று. மழை சொட்டிய அறையில் யாரோ தன் பச்சை மழைக்கோட்டைக் கழற்றிப் பியானோவுக்குப் போர்த்திவிட்டு, நனைந்தபடியே போயிருக்கிறார். துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். தயவுசெய்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்